இடது பின்சக்கரத்தில் எண்ணெய்

போன மாதம் எங்கள் பழைய கராஜ் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு பேருந்தின் பின்சக்கரத்தைப் படம் எடுத்துப் போட்டு, “சின்ன லீக்தான், சீல் மாத்தியாச்சு, வண்டி ஓடுது” என்று எழுதியிருந்தார். ஆறேழு பேர் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். பழைய டவுன் பஸ் ஒன்றை ஏலத்தில் எடுத்து, இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு, நடமாடும் ரத்தப் பரிசோதனைக் கூடமாக மாற்றிய வண்டி அது. படத்தைப் பார்த்ததுமே எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “எது சின்ன லீக்? சீல் ஏன் போச்சுன்னு பாத்தியா?” என்று கேட்டு எழுதினேன். “காக்கு, ரிட்டயர் ஆகியும் உங்களுக்குக் கோபம் ரிட்டயர் ஆகல” என்று பதில் வந்தது. காக்கு என்றால் வங்காளியில் சித்தப்பா.

ஆகவில்லைதான். ஆகவும் வேண்டாம். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை வங்காளியில் சொல்லிவிட்டேன். தமிழில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. கல்கத்தாவின் லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கப் போனால் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் தமிழர்கள் இன்றும் சிலர் இருக்கிறார்கள். “நம்ம மனுஷனையே போலீஸ்ல காட்டிக் கொடுத்தவன்” என்பது அவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர். நடந்தது என்ன என்று அவர்களில் ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா ஹௌரா பக்கம் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் ஃபிட்டர். நான் வளர்ந்தது அங்கே குவார்ட்டர்ஸில். வீட்டுக்குள் ஆற்காட்டுத் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளி. தொழில் பழகியது ஒரு தனியார் பஸ் கராஜில். அதைப் பற்றிப் பெருமையடிக்க ஒன்றுமில்லை. நகம் போயிற்று, வேலை வந்தது. பிறகு தெற்குக் கல்கத்தாவில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் வண்டிப் பிரிவில் சேர்ந்து, ஃபோர்மேன் ஆகி, அங்கேயே ஓய்வு பெற்றேன். ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே நல்லவர்களும் இருந்தார்கள்.

அந்த ஆஸ்பத்திரி ஒரு பழைய பேருந்தை வாங்கி எக்ஸ்ரே வண்டியாக மாற்றியது. ஹௌரா பக்கத்துப் பேட்டைகளில் காசநோய் முகாம் நடத்துவதற்காக. நல்ல காரியம். ஆனால் வண்டியை மாற்றிக் கட்டிய காண்ட்ராக்டர் என்ன செய்தார் தெரியுமா? எக்ஸ்ரே கதிர் வெளியே போகாமல் இருக்க ஈயத்தகடு பதித்த அறை ஒன்று வேண்டும். ஈயம் என்ன கனம் கனக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த அறையைப் பின்பக்கம், இடது ஓரத்தில் வைத்தார். ஜெனரேட்டரையும் அதற்கு அடியிலேயே தொங்கவிட்டார். தண்ணீர்த் தொட்டியையும் பக்கத்திலேயே பொருத்தினார். எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் ஒயரிங் வேலை குறையும் பாருங்கள். அவ்வளவுதான் அவருடைய இன்ஜினியரிங்.

வண்டி வந்து ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை. இடது பின்சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பாக எண்ணெய் வழிந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேருந்தின் பின் ஆக்சில் என்பது உள்ளே கியர் ஆயில் ஓடும் ஒரு கனத்த இரும்புக் குழாய். அதன் இரண்டு முனையிலும் சக்கரம் சுற்றுகிறது. சக்கரத்துக்குள்ளேயே பிரேக்கும் இருக்கிறது. ஒரு பக்கம் எண்ணெய், இன்னொரு பக்கம் பிரேக். நடுவில் காவல் நிற்பது ரப்பர் உதடு வைத்த ஒரு வளையம். அதுதான் ஆயில் சீல். அது விட்டுக்கொடுத்தால் எண்ணெய் போய்ச் சேரும் இடம் பிரேக் கட்டை. எண்ணெய் குடித்த பிரேக் கட்டை பிடிக்காது, வழுக்கும். இதில் எது ஐயா சின்ன விஷயம்?

சீல் போனால் நான் செய்யும் முறை ஒன்றுதான். புது சீலை எடுப்பதற்கு முன்னால் பழையது ஏன் செத்தது என்று பார்ப்பேன். ஆக்சில் குழாயின் தலையில் மூச்சுவிட ஒரு சிறு துளை உண்டு. அது சேற்றில் அடைத்துக்கொண்டால் உள்ளே சூடேறி, எண்ணெய் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். முதலில் அதைக் கழற்றி ஊதிப் பார்ப்பேன். அடுத்தது எண்ணெயின் அளவு. மூன்றாவது, சீல் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்ப்பது. பள்ளம் விழுந்திருந்தால் நகம் தட்டும். அங்கே எந்த சீலும் நிற்காது. கடைசியாக பேரிங். ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு கையால் அசைத்தால் ஆட்டம் கைக்குத் தெரியும். பேரிங்கை இறுக்கும்போது, பிரேக் கட்டைகளை மூடிய இரும்பு டிரம்மைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்திப் பூட்ட வேண்டும். இத்தனையும் பார்த்துத்தான் முதல் சீலை மாற்றினேன். பேரிங்கையும் மாற்றினேன். துர்கா பூஜை வருவதற்குள் மறுபடியும் எண்ணெய். இரண்டாவது முறை மாற்றினேன். காளி பூஜை முடிந்த கையோடு மறுபடியும் எண்ணெய். புது பேரிங்கிலும் ஆட்டம் வந்திருந்தது. வலது சக்கரமோ சருகு மாதிரி காய்ந்து கிடந்தது.

எங்கள் டிரான்ஸ்போர்ட் ஆபீசர் சந்திரசேகரன் சார். தமிழர். தாத்தா காலத்திலிருந்து கல்கத்தாவில் இருக்கும் குடும்பம். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர், புத்திசாலி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அறைக்குள் போனால் “உக்காருங்க முருகேசன்” என்பார். ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றித் தானே நீட்டுவார். “பொண்ணு எப்படி இருக்கா? மாப்பிள்ளை ஊருக்குப் போயிட்டாரா?” என்று விசாரிப்பார். நாம் போன விஷயத்தைச் சொல்லச் சொல்லப் பேனாவின் மூடியைக் கழற்றி, மாட்டி, கழற்றி, மாட்டிக்கொண்டே முழுக்கக் கேட்பார். நடுவில் குறுக்கிட மாட்டார். முடிந்ததும், “நீங்க சொல்றது சரிதான். பாக்கலாம்” என்பார். வெளியே வந்து படியிறங்கும்போதுதான் தெரியும், ஒன்றும் நடக்கப்போவதில்லை என்று. திட்டுகிற மேலதிகாரியோடு சண்டையாவது போடலாம். இவரோடு என்ன செய்வது?

காரணத்தைக் கண்டுபிடித்தது நான் அல்ல, ஷிப்ராதி. வண்டியில் எக்ஸ்ரே எடுக்கும் டெக்னீஷியன் அவர். வங்காளியில் பெயரோடு ‘தி’ ஒட்டினால் அக்கா, ‘தா’ ஒட்டினால் தாதா, அதாவது அண்ணன். ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லியான உடம்பு, யாருக்கும் பயப்படாத வாய். ஒருநாள் கராஜுக்கு வந்து, “முருகேஷ்தா, ஒண்ணு கேக்கணும். சமதரையில வண்டி நிக்கறப்பவும் என் டிராலி தானா இடது பக்கமே ஓடுதே, ஏன்?” என்றார். நான் சீலையும் பேரிங்கையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வண்டிக்குள்ளேயே நாளெல்லாம் இருப்பவர், வண்டி சாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறு முகாமுக்கு ஷிப்ராதியோடு நானும் போனேன். திரும்பும் வழியில் டிரைவர் நிமாய்தா சாந்த்ராகாச்சிக்குப் பக்கத்தில் ஒரு எடைமேடையில் வண்டியை ஏற்றினார். முதலில் இடது சக்கரங்களை மட்டும், பிறகு வலது சக்கரங்களை மட்டும். எடைமேடைக்காரர் எண்ணைப் பார்த்துவிட்டு, “என்ன தாதா, இடது பக்கம் யானையை ஏத்தியிருக்கீங்களா?” என்று சிரித்தார். வலதைவிட இடது பக்கம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எங்கள் மூவருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்தப் பாரத்தில் ஆக்சிலின் இடது முனையே லேசாக வளைந்துகொண்டிருந்தது. வளைந்த முனையில் தங்க சீல் போட்டாலும் கசியும்.

மறுநாளே சந்திரசேகரன் சாரிடம் போய்ச் சொன்னேன். ஜெனரேட்டரையும் தொட்டியையும் வலது பக்கம் மாற்ற வேண்டும், ஆக்சில் குழாயை மாற்ற வேண்டும், அதுவரை வண்டி போகக்கூடாது.

“காண்ட்ராக்டர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமில்லையா?” என்றார் மெதுவாக. தெரியும். டிரஸ்டி ஒருவரின் மைத்துனர். “வண்டி தப்பாக் கட்டியிருக்குன்னு நாம எழுதினா அது எங்க போய் நிக்கும்? நீங்க சொல்றது எனக்குப் புரியாம இல்ல. பாக்கலாம்.”

புரியாமல் இல்லையாம். இந்த ஒரு வார்த்தையைத்தான் இத்தனை வருஷம் கழித்தும் என்னால் விழுங்க முடியவில்லை. புரியாதவரை மன்னிக்கலாம்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு நன்கொடையாளர்கள் வருவதாக இருந்தது. எக்ஸ்ரே வண்டியை முன்முற்றத்தில் நிறுத்தி, சாமந்தி மாலை போட்டுக் காட்டப்போகிறார்கள். சந்திரசேகரன் சார் அவராகவே கராஜுக்கு வந்தார்.

“முருகேசன், முற்றத்துல புதுசா டைல்ஸ் போட்டிருக்காங்க. எண்ணெய் சொட்டினா நல்லா இருக்காது. உள்பக்கம் சின்னதா ஒரு தகரம் வளைச்சு வச்சு, சொட்டறதைப் பிடிச்சுக்கற மாதிரி பண்ணிடுங்களேன்.”

“சார், சொட்டு தரையில விழுந்தா நல்லது சார். கண்ணுக்குத் தெரியும். தகரம் வச்சுப் பிடிச்சா அது வழிஞ்சு பிரேக்குக்குத்தான் போகும்.”

“ஒருநாளைக்குத்தானே?”

“ஒருநாளைக்கு வச்ச எதை சார் இங்க கழட்டியிருக்காங்க? நான் செய்ய மாட்டேன்.”

கோபப்படவில்லை அவர். “சரி, உங்களைச் சங்கடப்படுத்தல” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். வெளி கராஜ் ஒன்றுக்கு வண்டியை அனுப்பி அந்தத் தகரத்தைப் பொருத்தி வந்தார்கள். டைல்ஸ் பளபளவென்று இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாள் தகரத்தைக் கழற்ற நான் ஜாக்கியோடு போனபோது, “வண்டி முகாமுக்குக் கிளம்பணும், அதைத் தொட வேண்டாம், சார் சொல்லியிருக்கார்” என்று ஆபீசிலிருந்து ஆள் வந்து நிறுத்தினார். நான் சண்டை போட்டேன். சாவி என் கையில் இல்லை. நிமாய்தாவிடம் போய், “பிரேக்கை நம்பாதீங்க தாதா, மெதுவாப் போங்க” என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அவர் மெதுவாகத்தான் ஓட்டினார். நாலைந்து நாள் ஓடியது. பிறகு ஒரு காலை, ஹௌரா பக்கம் ரயில் பாதைக்கு மேலே போகும் பாலத்தின் இறக்கத்தில், முன்னால் போன லாரி நின்றது. நிமாய்தா பிரேக்கை மிதித்தார். இடது பின்சக்கரம் பிடிக்கவில்லை. மற்ற மூன்றும் பிடித்ததால் வண்டி வெடுக்கென்று வலது பக்கம் இழுத்துக்கொண்டு போனது. எதிரே காலிஃபிளவர் ஏற்றிய மூன்று சக்கர சைக்கிள் வண்டியை ஒருவர் இறங்கித் தள்ளிக்கொண்டு மேடேறி வந்துகொண்டிருந்தார். அவர் பெயர் கரீம் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். நிமாய்தா ஸ்டீரிங்கைப் பிடித்து முறுக்கியதில் அவர் உயிர் தப்பியது. ஆனால் வலது பாதத்தின் மேல் சக்கரம் ஏறிவிட்டது.

ஷிப்ராதி எனக்கு போன் செய்தார். ஈய அறையின் கதவில் மோதி அவருடைய மணிக்கட்டு முறிந்திருந்தது. “முருகேஷ்தா, உடனே வாங்க. நிமாய்தா குடிச்சிருந்தார்னு உங்க சார் இப்பவே போன்ல சொல்றார்.”

நிமாய்தா கழுத்தில் துளசி மாலை போட்டவர். வெங்காயம் தொடாதவர். அவரைக் குடிகாரர் என்று சொல்ல எவருக்கு நாக்கு வரும்? டாக்சியில் போய்ச் சேரும்வரை எனக்கு இந்த ஒரு கேள்விதான்.

நான் போனபோது கரீமை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருந்தார்கள். சாலையெல்லாம் காலிஃபிளவர் நசுங்கிக் கிடந்தது. நிமாய்தா நடைபாதை ஓரத்தில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். சுற்றி ஒரு கூட்டம் அவரைத் திட்டிக்கொண்டிருந்தது. ஷிப்ராதி முறிந்த கையைச் சேலை முந்தானையில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, டாக்டரிடம் போக மறுத்து, டிராஃபிக் சார்ஜென்ட்டிடம் பேசிக்கொண்டிருந்தார். சந்திரசேகரன் சாரும் வந்திருந்தார். அவரோடு அந்த வெளி கராஜின் ஆட்கள் இருவர், ஜாக்கியோடு. சக்கரம் இறுகிக்கொண்டது, கழற்றினால்தான் வண்டியை நகர்த்த முடியும் என்று சார்ஜென்ட்டிடம் சொல்லியிருக்கிறார்கள்.

நான் நேரே போய் இடது பின்சக்கரத்தின் பக்கத்தில், சாலையிலேயே, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சந்திரசேகரன் சார் என் பக்கத்தில் வந்து குனிந்தார். அதே மெல்லிய குரல். சுற்றிலும் வங்காளிகள்; அதனால் தமிழில் பேசினார்.

“முருகேசன், எழுந்திருங்க. கூட்டம் பாக்குது. இந்த ஊர்ல நாம நாலு பேர் இருக்கோம். ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்கலாமா? டிரைவருக்கு நான் ஏதாவது பண்றேன். உங்களுக்கும் ஒண்ணும் வராம பாத்துக்கறேன். இந்தத் தகரத்தை மட்டும் எடுத்துடட்டும்.”

என் தாய்மொழியை அன்றைக்குப்போல யாரும் என் காதில் அசிங்கப்படுத்தியதில்லை. வீட்டில் அம்மா பேசியது, நான் என் மகளைக் கொஞ்சியது எல்லாம் இந்தத் தமிழ்தான். அதை ஒரு திருட்டுக்குப் போர்வையாக விரிக்கிறார். நான் எழுந்திருக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன்.

“ஜா போலார் பாங்ளாய் போலுன், சார்!” சொல்ல வேண்டியதை வங்காளியிலே சொல்லுங்க, சார்.

சார்ஜென்ட் திரும்பினார். பிறகு நானே வங்காளியில் சொன்னேன். “இந்தச் சக்கரம் இறுகல. கிரேனைக் கொண்டு வந்து முன்பக்கத்தைத் தூக்கி இழுங்க, வரும். ஆனா இன்ஸ்பெக்டர் வந்து பாக்கற வரைக்கும் இதை யாரும் கழட்டக்கூடாது. உள்ள ஒரு தகரம் இருக்கு. அதை எடுக்கத்தான் இவங்க வந்திருக்காங்க.”

ஷிப்ராதி, “நான் இந்த வண்டியிலதான் வந்தேன். டிரைவரை இப்பவே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்க. குடிச்சாரா இல்லையான்னு தெரிஞ்சுடும்” என்றார். நிமாய்தாவைத் திட்டிக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒரு பெண் அவருக்கு மண்குவளையில் டீ கொண்டுவந்து கொடுத்தாள். சந்திரசேகரன் சார் அதற்குப் பிறகு எந்த மொழியிலும் பேசவில்லை.

கிரேன் இழுத்தது. வண்டி வந்தது. மறுநாள் காவல் நிலைய முற்றத்தில் மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் முன்னிலையில் சக்கரத்தைத் திறந்தார்கள். டிரம்மை இழுத்ததும் எண்ணெய் குபுகுபுவென்று சிமெண்டில் கொட்டியது. பிரேக் கட்டை கண்ணாடி மாதிரி கறுத்து மினுங்கியது. உள்ளே, அழகாக வளைத்து, அழகாகத் திருகி, அந்தத் தகரம். வெளி கராஜ்காரர் பயந்துபோய், “ஆபீசர் பாபு சொல்லித்தான் வச்சோம்” என்று உளறிவிட்டார். நிமாய்தாவின் ரத்தத்தில் ஒரு துளி மதுவும் இல்லை. போலீஸ் அவரை விட்டது.

ஆஸ்பத்திரி விடவில்லை. விசாரணைக் குழு என்று ஒன்று போட்டார்கள். “பராமரிப்புக் குறைபாடு” என்று முடிவு சொன்னார்கள். பராமரிப்பு என்றால் நான்! என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். குடிகாரர் என்று சொன்ன சொல்லை யாரும் திரும்பப் பெறவில்லை. நிமாய்தாவை மட்டும் பெரிய மனசோடு வேலையில் வைத்துக்கொண்டார்களாம். சந்திரசேகரன் சார் உரிய காலத்தில் ஓய்வு பெற்றார். நம்மவர்கள் கூடி, பொன்னாடை போர்த்தி, மேடையில் உட்கார வைத்தார்கள். எனக்கும் அழைப்பு வந்தது. போகவில்லை. அங்கேயிருந்துதான் என் பெயருக்கு முன்னால் ‘காட்டிக் கொடுத்தவன்’ என்ற அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது.

பழைய ஆக்சிலிலேயே புது சீல் போட்டு வண்டியை மறுபடி அனுப்பப் பார்த்தார்கள். தடுத்தது ஷிப்ராதிதான். கையில் மாவுக்கட்டோடு வந்து, “பாரத்தை மாத்தாம நான் ஏற மாட்டேன்” என்றார். நர்சுகள் ஏற மறுத்தார்கள். நிமாய்தா சாவியை மேஜையில் வைத்துவிட்டார். முகாம்கள் நின்றன. கடைசியில் என்னை ஸ்டோர்ஸிலிருந்து கூப்பிட்டார்கள். வேறொரு வண்டியின் நல்ல ஆக்சில் குழாயைப் பொருத்தினோம். ஜெனரேட்டரும் தொட்டியும் வலது பக்கம் போயின. ஈய அறையை நடுவுக்கு நகர்த்தினோம். எடைமேடையில் இரண்டு பக்கமும் சமமாக நின்றது. அதன் பிறகு நான் ஓய்வு பெறும்வரை அந்தச் சக்கரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் வரவில்லை.

திருத்திய வண்டி போன முதல் முகாம்களில் ஒன்று கரீமின் பேட்டையில். நானும் போயிருந்தேன். அவர் ஊன்றுகோலோடு வரிசையில் நின்றார். வலது பாதம் இல்லை. காய்கறி வண்டியை இப்போது தம்பி ஓட்டுவதாகச் சொன்னார். நிமாய்தா இறங்கிப் போய் அவர் முன்னால் நின்றார். பிறகு அவரை இடுப்பில் தாங்கிப் படியேற்றினார். எக்ஸ்ரே எடுத்து முடிந்ததும் கரீம் இறங்கி வந்து, அந்த இடது பின்சக்கரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப சரியாயிடுச்சா?” என்று என்னைக் கேட்டார்.

“சரியாயிடுச்சு பாய்.” என்ன செய்தோம் என்று சொன்னேன்.

“எத்தனை நாள் வேலை?”

நான் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “ஒரு வாரம்.”

“ஏக் ஹொப்தா?” என்றார். ஒரு வாரமா?

ஊன்றுகோலை ஊன்றிச் சந்துக்குள் நடந்து போனார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் ஒருவர்கூட இன்றுவரை அந்தச் சந்துக்குள் போனதில்லை.